தாத்தா குரலில் பேசும் கிளியும், படம் எடுக்க முடியாத சிங்கமும்!

தாம்பரம் டு வடநெம்மேலி... ஒரு நாள் பயணம்

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் என் முக்கியமான வேலை, போட்டோ கேலரி. கோயில் திருவிழா, நடிகைகளின் புடவை, மழையில் மூழ்கிய முடிச்சூர், குட்டி யானை குளியல் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு படங்களைக் கோத்து, தலைப்பு போட்டு, ஏற்றிவிட வேண்டும். நீங்கள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே விரலால் தள்ளிப் பார்க்கிறீர்களே, அதுதான்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள் கேலரிக்குப் படம் எதுவும் சிக்கவில்லை. சேலையூரில் எங்கள் ஆயா வீட்டில் ஒரு பச்சைக் கிளி உண்டு. பெயர் ராணி. ஒன்பது வருடங்களுக்கு முன் தாத்தா ஒரு கோயில் வாசலில் வாங்கி வந்தது. ராணி மிளகாய் தின்பது, ராணி கண்ணாடி பார்ப்பது, ராணி ஆயாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவது என்று எட்டுப் படங்களை எடுத்து, ‘எங்க வீட்டு மகாராணி’ என்று தலைப்பும் போட்டு ஏற்றிவிட்டேன். நன்றாகவே ஓடியது.

மறுநாள் ஒரு வாசகியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திட்டெல்லாம் இல்லை. பச்சைக் கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் போட்டீர்களா என்று இரண்டே வரியில் கேட்டிருந்தார்.

எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. கேலரியை எடுத்துவிட்டோம். ஆனால் கூண்டுக்குள் இருக்கும் ராணியை என்ன செய்வது?

வீட்டில் பேச்செடுத்ததும் ஆயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “குடுக்க மாட்டேன்.”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டால் தாத்தா உள்ளேயிருந்து “யாரு?” என்று இழுத்துக் கேட்பார். அவர் போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. இப்போதும் கேட் திறந்தால் அதே இழுவையோடு “யாரு?” என்று ஒரு குரல் வரும். அது ராணியின் குரல்.

இந்த விஷயம் எங்கள் ஆசிரியர் காதுக்குப் போனது. “மீட்கப்பட்ட விலங்குகள், பறவைகள் எல்லாம் கடைசியில எங்க போகுது? அதை ஒரு கேலரியா பண்ணு. முதல்ல நீ போய்ப் பார்த்துட்டு வா. அப்புறம் உங்க ஆயாகிட்ட பேசு” என்றார். கூடவே, இதழில் கதைகளுக்குப் படம் வரையும் ஓவியர் சாரையும் அனுப்பிவைத்தார். எங்கள் போட்டோ கேலரிக்கு ஓவியர் ஒருவர் விருந்தாளியாக வருவது அதுதான் முதல் முறை. ஏன் ஓவியர் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

சேலையூரில் தொடங்கிய கதை

ஒரு வியாழக்கிழமை காலை தாம்பரத்தில் கிளம்பினோம். சார் ஸ்கூட்டரில் நான் பின்னால். என் மடியில் கேமரா பை, அவர் தோளில் ஸ்கெட்ச் நோட்டு.

போகும் வழியில் சார் ஒரு தகவல் சொன்னார். கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறதல்லவா? அது முதலில் தொடங்கியது கிண்டியில் இல்லை, எங்கள் சேலையூரில்தான்! அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரோமுலஸ் விட்டேகர் 1969-ல் இங்கேதான் சிறிய அளவில் அதை ஆரம்பித்தார். 1972-ல் அது கிண்டிக்கு இடம் மாறியது. 22 வருடங்களாகச் சேலையூரில் இருக்கும் எனக்கு இது செய்தி. இந்த விட்டேகரை இதே பயணத்தில் மறுபடி சந்திப்போம்.

ரயிலில் போனால் தாம்பரத்துக்கு அடுத்தது பெருங்களத்தூர், அதற்கடுத்தது வண்டலூர். ஜி.எஸ்.டி. சாலையில் இப்போது பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் வந்துவிட்டதால் வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் சுலபம். பேருந்துகளின் ஹாரன் சத்தத்தைத் தாண்டி வாசலுக்குள் நுழைந்து பத்து நிமிடம் நடந்தால், ஊரே மாறிவிட்டதுபோல இருக்கிறது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். கிட்டத்தட்ட 1,490 ஏக்கர்.

அருங்காட்சியகத்துக்கு ஆள் பிடித்த புலி

வண்டலூர் பூங்காவை நாம் புதிது என்று நினைக்கிறோம். அதன் வேர் 1855-ல் இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். கல்லும் செப்பும் பாடம் செய்த பறவையும் இருந்த அந்தக் காட்சிக்கூடத்தில், உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் வைத்துப் பார்த்தார். கூட்டம் குவிந்தது. ஆற்காடு நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். ஒரே வருடத்தில் அங்கே 300-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. 1861-ல் அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. நம் தாத்தா பாட்டிகள் ‘உயிர் காலேஜ்’ என்று சொன்னது அதைத்தான். செத்த காலேஜ் என்றால் அருங்காட்சியகம்!

ரயில் சத்தம், நெரிசல், வளர இடமில்லை. அதனால்தான் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கி, 1985 ஜூலை 24 அன்று அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக, அகழி வெட்டி, மரங்களுக்கு நடுவே விலங்குகளை விடும் முறை இங்கே பெரிய அளவில் வந்தது.

“கவனிச்சியா? ஆரம்பத்துல ஜனங்க வரணும்னு விலங்கைக் கொண்டுவந்தாங்க. அப்புறம் விலங்குக்காக இடத்தை மாத்தினாங்க” என்றார் சார், சிங்கவால் குரங்குகளை வரைந்துகொண்டே.

நான் பாட்டுக்கு கிளிக் செய்துகொண்டிருந்தேன். நீர்யானை, வெள்ளைப் புலி, வாயைத் திறந்த காண்டாமிருகப் பறவை... காலை பதினொரு மணிக்குள் 200 படங்கள். ஆனால் என் வேலை இவை இல்லையே. மீட்கப்பட்ட சிங்கங்கள் எங்கே?

வேலிக்கு அந்தப் பக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சின்ன வயதில் சர்க்கஸ் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வளையத்துக்குள் நெருப்பு, அதற்குள் பாயும் சிங்கம், சாட்டையோடு ஒருவர். என் தலைமுறைக்கு அது சினிமாவில் பார்த்ததுதான். காரணம், கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று 1998 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கேரள உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. சரி, கூடாரங்களில் இருந்த நூற்றுக்கணக்கான சிங்கம், புலிகளை எங்கே வைப்பது? அதற்காக நாட்டின் சில இடங்களில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் உதவியோடு மீட்பு மையங்கள் உருவாகின. திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா, ஜெய்ப்பூர் வரிசையில் வண்டலூரும் ஒன்று. பூங்காவை ஒட்டிச் சுமார் 92 ஹெக்டேர் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

அந்தச் சிங்கங்களைக் காட்டில் விட்டிருக்கலாமே என்று நானும் கேட்டேன். முடியாது. சர்க்கஸில் பிறந்த சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அவற்றின் ரத்தம். ஆசிய சிங்கமும் ஆப்பிரிக்க சிங்கமும் கலந்து பிறந்தவை அவை. உலகத்தில் ஆசிய சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டும்தான். கலப்பினச் சிங்கம் அங்கே போனால் அந்த இனத்தின் தூய்மையே கெட்டுவிடும். அதனால் காட்டிலும் விடக் கூடாது, குட்டி போடவும் விடக் கூடாது. ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்து, கடைசி வரை சாப்பாடும் மருந்தும் நிழலும் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

அப்படியென்றால், ஒவ்வொரு சிங்கமாக வயதாகி இறக்க இறக்க, கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். புதிய சிங்கம் வராது. நன்றாக நடக்கும் மீட்பு மையம் ஒரு நாள் தானாகவே காலியாகிவிட வேண்டும். ஒரு இடத்தின் வெற்றி அது காலியாவதில் இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அங்கே போய்ப் படம் எடுக்கலாமா? முடியாது. மீட்பு மையம் பொதுமக்கள் பார்வைக்கானது அல்ல. வாழ்நாளெல்லாம் கூட்டத்தின் முன்னால் நிறுத்தப்பட்ட விலங்குக்கு, யாரும் பார்க்காமல் படுத்திருப்பதுதான் முதல் சிகிச்சை.

எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. கேலரியின் முதல் படமே இல்லையென்றால் எப்படி? சார் சிரித்தார். “இதுக்குத்தாம்மா என்னை அனுப்பியிருக்காங்க.”

இருமிய சிங்கம், பையில் வந்த குட்டி

பார்வையாளரைத் தள்ளி நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதை வண்டலூர் வலியோடு கற்றுக்கொண்டது.

2021 மே மாதக் கடைசி. கொரோனா இரண்டாம் அலை. ஊரடங்கால் பூங்கா மூடிக் கிடந்தது. சஃபாரி பகுதியில் இருந்த சில சிங்கங்கள் இரும ஆரம்பித்தன, சாப்பிட மறுத்தன. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போயின. 11 சிங்கங்களில் 9-க்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போய்விட்டது. மனிதர்களிடையே அப்போது ஓடிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை வைரஸ்தான் அது என்று மரபணு ஆய்வு சொன்னது. அகழி தாண்டி நாம் போக முடியாது. நம் மூச்சுக்காற்று போய்விட்டது.

இன்னொரு கதை மீனம்பாக்கத்தில் தொடங்குகிறது. 2019 பிப்ரவரியில், பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் உடைமையில் இருந்து சத்தம் வர, சுங்கத்துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சிறுத்தைக் குட்டி. பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சோர்ந்து கிடந்த அதற்குப் பால் புகட்டி, வண்டலூருக்குத்தான் அனுப்பிவைத்தார்கள்.

யாரோ ஒருவர் வீட்டில் வளர்க்க, படம் எடுத்துப் போட, பெருமைப்பட ஆசைப்படுவதால்தானே அந்தக் குட்டி தாயிடமிருந்து பிரிந்து பைக்குள் வந்தது? இதைக் கேட்டபோது எனக்கு ராணியின் எட்டுப் படங்கள் ஞாபகம் வந்தன. பிறகு கொஞ்ச நேரம் நான் கேமராவை எடுக்கவில்லை.

கேமராவைத் தானே செய்தவர்

மதியம் வெளியே வந்து, சாலையோரக் கடையில் சாப்பிட்டோம். சார் தன் நோட்டைக் காட்டினார். அதில் ஒரு விலங்கின் முகம்கூட இல்லை. முதுகுகள், திரும்பிய காதுகள், புதருக்குள் பாதி மறைந்த வால்.

“மா. கிருஷ்ணன் தெரியுமா உனக்கு?” என்றார்.

பெயர் மட்டும் தெரியும். அப்புறம் அவரே சொன்னார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். சென்னையில் வாழ்ந்தவர். காட்டுயிர்களைப் பற்றி ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் தான் இறக்கும் வரை, 46 வருடங்கள் தொடர்ந்து பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதினார். நன்றாக வரைவார். கறுப்பு வெள்ளையில் மட்டும்தான் புகைப்படம் எடுப்பார். கடையில் கிடைத்த கேமரா போதாது என்று, பல பாகங்களைத் தேடி ஒட்டித் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். பத்மஸ்ரீயும் கிடைத்தது.

“அவர் படத்துல யானை நம்மளைப் பார்த்து போஸ் குடுக்காது. அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்துட்டு இருக்கும். நாமதான் ஓரமா நின்னு பார்ப்போம்.”

என் கேலரியில் ராணி போஸ் கொடுத்தாள். வேறு வழி? அவளுக்கு இறக்கை வெட்டப்பட்டிருந்ததே.

காப்பாற்றியாச்சு... இடம் எங்கே?

வண்டலூரிலிருந்து கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம். பத்து வருடங்களுக்கு முன் இந்தச் சாலையின் இரு பக்கமும் வயலும் ஏரியுமாக இருக்கும் என்று சார் சொன்னார். இப்போது அடுக்குமாடிகள். கேளம்பாக்கம் தாண்டிக் கழிமுகத்தைக் கடந்து கோவளம் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கிருந்து மாமல்லபுரம் போகும் திசையில் திரும்பினால் வடநெம்மேலி. நாம் எல்லோரும் ‘முதலைப் பண்ணை’ என்று சொல்லும் இடம்.

காலையில் சொன்ன அதே விட்டேகர், மனைவி சாய் விட்டேகர் மற்றும் நண்பர்களோடு 1976-ல் தொடங்கியது இது. அப்போது தோலுக்காக வேட்டையாடியே இந்தியாவின் மூன்று வகை முதலைகளும் அழியும் நிலைக்கு வந்திருந்தன. குளத்து முதலை, கடல் முதலை, நீள மூக்குக் கரியால். சில முதலைகளை வைத்து இனப்பெருக்கம் செய்து, மறுபடி ஆறுகளில் விடுவதுதான் திட்டம்.

திட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. இங்கே உள்ள குளத்து முதலைகள் வருடத்துக்கு இரண்டு முறை முட்டையிட ஆரம்பித்தன! பல மாநிலங்களுக்கு முதலைகளை அனுப்பினார்கள். ஆனால் 1990-களில் காட்டில் விடுவது நின்றுபோனது. காரணம், விட ஆறு வேண்டுமே. அணை, மணல் குவாரி, கரையெல்லாம் குடியிருப்பு. முதலையைக் காப்பாற்றிவிட்டோம், அதன் வீட்டைக் காப்பாற்றவில்லை. குளங்களில் முதலை மேல் முதலை படுத்துக் கிடக்கும் நிலை வந்தது. இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில், 2022-ல் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு மீட்பு மையத்துக்கு 1,000 முதலைகளை அனுப்பும் வேலை நடந்தது.

வெயிலில் வாயைத் திறந்து அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்த்து, பின்னால் ஒரு சிறுவன் அப்பாவிடம், “பொம்மையாப்பா?” என்று கேட்டான். அப்பா பதில் சொல்வதற்குள் ஒரு முதலை தண்ணீருக்குள் சரிந்தது. சிறுவன் அப்பாவின் பேன்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பிப் போகும் பாம்பு

அதே வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கமும் இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். முன்பு தோலுக்காகப் பிடித்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்து, அதன் பிறகு பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட, அவர்கள் பிழைப்பு அறுந்தது. 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. இப்போது பாம்பைக் கொல்வதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்றுப் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. இந்த அறிவுக்கு மரியாதையாக 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பானையின் வாயில் துணி கட்டி, மேலே சாக்கட்டியால் தேதி எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அன்று காலையிலிருந்து பார்த்ததெல்லாம் மனதில் ஒரு வரிசைக்கு வந்தது.

சிங்கம் திரும்பிப் போகவே முடியாது. முதலை போகலாம், போக இடமில்லை. பாம்பு போகிறது, ஏனென்றால் அதைப் பிடிக்கும்போதே திருப்பி விடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

எங்கள் ராணி இதில் எந்த வரிசை?

ஆயா சொன்ன பதில்

அன்று இரவு ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்தை முதலில் சொல்லவில்லை. சர்க்கஸ் சிங்கத்தைத்தான் சொன்னேன். ஆயா சர்க்கஸ் பார்த்தவர். “பாவம், சாட்டையால அடிப்பான்” என்றார். அப்புறம் நெடுநேரம் பேசவில்லை. கூண்டு மேல் துணியைப் போர்த்திவிட்டு வந்து படுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டுக் கிளி எந்த வகையாக இருந்தாலும், அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கடையில் விற்கும் வெளிநாட்டு லவ் பேர்ட்ஸ் வேறு, இது வேறு. 2023-ல் சென்னையில் ஒரு பிரபலத்தின் வீட்டில் இருந்த கிளிகளைக் கைப்பற்றி, 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தக் கிளிகள் இருப்பது தெரியவந்ததே வீட்டைச் சுற்றிக் காட்டிய ஒரு வீடியோவால்தான். அதே சமயம், 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் தானாக முன்வந்து ஒப்படைக்க வழி இருக்கிறது. இழப்பீடு எதுவும் கிடையாது. ஒப்படைத்த பிறகு அது அரசின் பொறுப்பு.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஆயாவே, “ஆட்டோ சொல்லு கண்ணு” என்றார்.

வனத்துறை அலுவலகத்துக்குக் கூண்டோடு போனோம். ஆயா பையில் இரண்டு பச்சை மிளகாய், ஒரு கொய்யா. படிவம், கையெழுத்து, சில கேள்விகள். பயந்துகொண்டு போன அளவுக்கு ஒன்றும் இல்லை. வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும், ஆனால் ஒன்பது வருடம் பறக்காத தசைக்குப் பலம் வர நாளாகும் என்று விளக்கினார்கள். முதலில் தனியாக வைத்துப் பரிசோதனை, பிறகு மற்ற கிளிகளோடு பெரிய கூண்டில். மனிதரைக் கண்டு பயப்படாத பறவையை உடனே வெளியே விட்டால் பூனைக்கோ காக்காய்க்கோ இரையாகிவிடுமாம். பறந்து, தானே இரை தேடும் அளவுக்குத் தேறினால்தான் வெளியே. தேறாவிட்டால் கூட்டத்தோடு பெரிய கூண்டிலேயே.

“வந்து பார்க்கலாமா?” என்று ஆயா கேட்டார்.

வேண்டாம் பாட்டி, உங்க குரலைக் கேட்டா அது மறுபடி கூண்டைத் தேடும் என்றார்கள்.

ஆயா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பார்க்கலைன்னா பரவால்ல. பறந்துச்சான்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.”

திரும்பி வந்து கேட்டைத் திறந்தோம். உள்ளேயிருந்து எந்தக் குரலும் வரவில்லை. ஆயா ஒரு நொடி வாசலிலேயே நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

இந்த வாரக் கேலரியில் பதினொரு புகைப்படங்கள் இருக்கின்றன. வண்டலூர் ஓட்டேரி ஏரிக்கரை, சிங்கவால் குரங்கு, வெயில் காயும் முதலை, தேதி எழுதிய பானை... பன்னிரண்டாவது, விருந்தாளி வரைந்தது. ஒரு சிங்கத்தின் முதுகு. மரத்தடியில் நம் பக்கம் திரும்பாமல் படுத்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போகாமல், கொஞ்ச நேரம் பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு...

* வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் புதன், வியாழன், வெள்ளி வசதி. கூட்டம் குறைவாக இருக்கும்.

* புறநகர் ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினாலும் பக்கம்தான்.

* பூங்கா மிகப் பெரியது. பேட்டரி வண்டியும் வாடகை சைக்கிளும் உண்டு. குடிநீர் பாட்டில், தொப்பி அவசியம். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

* விலங்குகளைக் கத்திக் கூப்பிடுவது, கல் எறிவது, தின்பண்டம் போடுவது வேண்டவே வேண்டாம். திரும்பிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

* வீட்டில் பாம்பு நுழைந்தால் அடிக்காதீர்கள், நீங்களே பிடிக்கவும் முயலாதீர்கள். எட்டி நின்று கண்காணித்தபடி தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

* வீட்டில் பச்சைக் கிளி, நட்சத்திர ஆமை இருந்தால் ரகசியமாக வெளியே விட்டுவிடாதீர்கள், அதனால் பிழைக்க முடியாது. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கொடுக்கும்போது மனசு வலிக்கும். எங்கள் ஆயா வீட்டில் இன்னும் வலிக்கிறது.